பெயரில் பாதி

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே ரயில் நிற்குமே, அந்த ஊர்தான். எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள், பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து, நெய்வேலி நகரியத்துக்குப் போய்ப் பாட்மிண்டன் கற்றுக்கொண்டு வருகிறாளாம். அம்மாவும் துணைக்குப் போகிறார். பெண் உள்ளே ஆட, அம்மா வெளியே உட்கார்ந்து கீரை ஆய்வார் போலிருக்கிறது. இனி அவர் வார்த்தையிலேயே கேளுங்கள்:

"போன மாதம் வரையில் தனியாகத்தான் ஆடினாள். இப்போது மாஸ்டர் அவளை இன்னொரு பெண்ணோடு ஜோடி சேர்த்துவிட்டார். கேட்டால், 'உங்கள் பெண்ணுக்கு இரட்டையர் ஆட்டம்தான் நன்றாக வரும், அம்மா' என்கிறார். தனியாக ஆட லாயக்கில்லை என்பதைத்தானே இப்படி நாசூக்காகச் சொல்கிறார்? ஜெயித்தால் பேர் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. தோற்றாலோ பழி முழுசாக இவள் தலையில் விழும். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு நாளைக்கே மாற்றல் வந்துவிட்டால் இவள் கதி என்ன?"

நியாயமான கவலை. கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். சாம்பாரை ஒருத்தி வைத்து, ரசத்தை ஒருத்தி வைத்து, பந்தியில் உட்கார்ந்தவர்கள் "சமையல் பிரமாதம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனால், அந்தப் பிரமாதத்தில் தன் பங்கு எவ்வளவு என்று இரண்டு பேருமே இரவெல்லாம் யோசிப்பதில்லையா?

ஆனால் "லாயக்கில்லை" என்ற வார்த்தையை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்பதற்குக் கடல் தாண்டி மலேசியாவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயர் தீனா. முரளிதரன் மகள் தீனா. 1998ஆம் வருஷம் பிறந்தவள். பத்திரிகைகளில் அவள் பெயரைத் தனியாகத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. "பெர்லி டான் - தீனா" என்றே சேர்த்துப் போடுவார்கள். பெர்லி இவளைவிட இரண்டு வயது சின்னவள், கெடா மாநிலத்து அலோர் ஸ்டார் நகரத்துச் சீனப் பெண். இந்தக் கடிதக்காரச் சகோதரி பயப்படுகிறாரே, அந்தப் "பாதிப் பேர்" விவகாரம், அது இந்த இரண்டு பெண்களுக்கும் உத்தியோகமாகவே ஆகிவிட்டது.

இடையில் ஒரு வேடிக்கை. மலேசியாத் தமிழர்கள் இந்த ஆட்டத்தைப் "பூப்பந்து" என்கிறார்கள். நம் ஊரிலோ பூப்பந்தாட்டம் என்றால் கம்பளி நூல் பந்தை வைத்து ஆடுவது, தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிரபலமானது. இதை இறகுப்பந்து என்கிறோம். அங்கிருந்து ஒரு சித்தி வந்து "என் பெண் பூப்பந்து ஆடுகிறாள்" என்றால், எந்தப் பூ, எந்தப் பந்து என்று கேட்டுக்கொள்வது நல்லது. பதினாறு இறகு, ஐந்து கிராம் சுமார் எடை. அவர்கள் சொல்லும் பூ அதுதான்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஒற்றையர் ஆட்டத்துக்குக் கோர்ட் அகலம் 17 அடி. இரட்டையருக்கு 20 அடி. நீளம் 44 அடிதான், மாறுவதில்லை. ஆள் இரண்டு மடங்கு ஆகியும் இடம் மூன்றடிதான் கூடுகிறது. ஆகவே ஓட்டம் குறைச்சல், சுலபம் என்று வெளியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இடம் நெருங்க நெருங்க, காலியாகக் கிடக்கும் மூலை குறைகிறது. பந்தைப் போட்டு முடிக்க முடிவதில்லை. அடிப்பார்கள், அவர்கள் எடுப்பார்கள். மறுபடி அடிப்பார்கள், மறுபடி எடுப்பார்கள். பெண்கள் இரட்டையரில் ஒரே ஒரு பாயிண்டுக்குப் பந்து நூறு தடவைக்கு மேல் வலையைத் தாண்டியதுண்டு. போதாக்குறைக்கு, சர்வீஸ் போடும்போது மட்டும் பின்பக்கம் இரண்டரை அடி கழிந்துவிடும். உயரத் தூக்கிப் பின்னால் போட்டுத் தப்பிக்கும் வழியையும் அடைத்துவிட்டார்கள். வலையை உரசினாற்போலப் போட வேண்டும். ஒரு விரற்கடை உயர்ந்தால், எதிரில் நிற்பவள் முகத்துக்கு நேரே திருப்பி அனுப்பிவிடுவாள்.

நிற்கும் விதம் வேறு. அடிக்கும் முறை வந்தால் ஒருத்தி முன்னே, ஒருத்தி பின்னே. அடி வாங்கும் முறை வந்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இந்த மாற்றம் ஒரு விநாடிக்குள் நடக்க வேண்டும். "நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. முதுகுக்குப் பின்னால் நிற்பவள் என்ன செய்வாள் என்பதை முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்காமலே அறிந்திருக்க வேண்டும். அடுப்பங்கரையில் இருபது வருஷம் சேர்ந்து வேலை செய்த ஓரகத்திகளுக்குள் சில வீடுகளில் இந்தப் பழக்கம் படிந்திருக்கும். மற்ற வீடுகளைப் பற்றி நாம் பேச வேண்டாம்!

பெர்லி பயங்கரமாக அடிப்பவள். 2023ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஜப்பானில் ஒரு சோதனை நடத்தினார்கள். அதில் அவள் அடித்த பந்து மணிக்கு 438 கிலோமீட்டர் வேகத்தில் போயிற்று. பெண்களில் உலக சாதனை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதே சோதனையில் நம் ஆந்திரத்துப் பிள்ளை சாத்விக் சாய்ராஜ் ஆண்களின் சாதனையைச் செய்தான்: 565 கிலோமீட்டர். அவனும் இரட்டையர் ஆட்டக்காரன்தான். சிராக் ஷெட்டியோடு ஜோடி. இரண்டு சாதனையுமே இரட்டையர் ஆடுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தீர்களா? தனியாக ஆட லாயக்கில்லாதவர்கள் இவ்வளவு அடிப்பார்களா என்ன!

ஆனால் இந்தச் சாதனையில் தீனாவின் பெயர் இல்லை. அவள் பங்கைச் சொல்ல வேகம் அளக்கும் கருவி போதாது. பெர்லி அடிக்க வேண்டுமானால், பந்து அடிக்கத் தோதாக உயர்ந்து வர வேண்டும். எதிராளி தானாக அப்படிக் கொடுப்பாளா? ஜோடியில் மற்றவள் வலையண்டையில் நுணுக்கமாகப் போட்டு, வேறு வழியில்லாமல் அவளைத் தூக்க வைக்க வேண்டும். அப்புறம்தான் பின்னால் இருப்பவள் இடி இடிக்கலாம். ஜனங்கள் இடிக்குத்தான் கை தட்டுவார்கள். அது உலக வழக்கம்.

2021 மார்ச்சில் ஸ்விட்சர்லாந்து நாட்டு பாஸல் நகரத்தில் ஸ்விஸ் ஓபன் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் பல்கேரியாவின் ஸ்டோயெவா சகோதரிகள் எதிரே நின்றார்கள். அவர்கள் கூடப் பிறந்தவர்கள்; சேர்ந்து ஆடிப் பேர் பெற்றவர்கள். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்குள்ள புரிதலை, வேறு வேறு வீட்டில் வேறு வேறு பாஷை பேசி வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணும் சீனப் பெண்ணும் ஜெயித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் உலகம் இவர்கள் பெயரை, பாதிப் பாதியாக அல்ல, ஒரே பெயராகப் படிக்கத் தொடங்கியது.

அடுத்த வருஷம், 2022 ஆகஸ்டில், பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டு. கலப்பு அணி இறுதி ஆட்டத்தில் மலேசியாவும் நாமும் மோதினோம். மூன்று ஆட்டம் முடிந்து, மலேசியா இரண்டு, இந்தியா ஒன்று என்று நின்றபோது, தீனாவும் பெர்லியும் கோர்ட்டுக்கு வந்தார்கள். எதிரில் நம் காயத்ரி கோபிசந்தும் திரீசா ஜாலியும். 21-18, 21-17. தங்கம் அவர்களுக்கு, வெள்ளி நமக்கு. யாருக்குக் கை தட்டுவது என்று தமிழ் வீடுகளில் சிலருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்! அதே வாரத்தில் பெண்கள் இரட்டையர் தங்கத்தையும் அவர்களே எடுத்தார்கள். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துப் பெண்களை 21-5, 21-8 என்று ஊதித் தள்ளிவிட்டார்கள். இந்தத் தங்கத்தை 2010இல் டில்லியில் எடுத்தவர்கள் நம் ஜுவாலா கட்டாவும் அசுவினி பொன்னப்பாவும் என்பதையும் ஞாபகப்படுத்திவிடுகிறேன்.

அக்டோபரில் பாரிஸில் பிரெஞ்சு ஓபன் பட்டம். பாரிஸ் நகரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பெண்களின் கதையில் அது மறுபடி மறுபடி வரும்.

2024 ஒலிம்பிக்ஸும் பாரிஸில்தான் நடந்தது. போர்ட் தெ லா ஷாபெல் என்ற பேட்டையில் உள்ள அரங்கத்தில் பாட்மிண்டன். முதல் சுற்றில் இவர்களுக்கு வாய்த்த பிரிவைப் பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சீனாவின் முதல் ஜோடி, ஜப்பான் ஜோடி, நடப்புச் சாம்பியன்கள் நாடான இந்தோனேஷியாவின் ஜோடி, எல்லாம் ஒரே பிரிவில். அதிலே இரண்டாவதாக வந்து, கால் இறுதியில் கொரியப் பெண்களையும் ஜெயித்தார்கள். ஒலிம்பிக்ஸில் மலேசியப் பெண்கள் ஜோடி ஒன்று அரை இறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அரை இறுதியில் சீனாவின் சென் சிங்சென், ஜியா யீபான். முதல் ஆட்டத்தை 12-21 என்று கொடுத்து, இரண்டாவதை 21-18 என்று பிடுங்கி, மூன்றாவதை 15-21 என்று இழந்தார்கள். மறுநாளே வெண்கலத்துக்கு ஆட வேண்டும். ஜப்பானின் மட்சுயாமாவும் ஷிடாவும். 11-21, 11-21. அவ்வளவுதான்.

நாலாவது இடம் என்பது ரொம்பப் பொல்லாதது. எட்டாவதாக வந்தவள் "எட்டாவது" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். நாலாவதாக வந்தவளிடம், மூன்றாவது யார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஒற்றையர் ஆட்டக்காரியானால் அன்று இரவு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம். ஜோடி ஆட்டக்காரிக்கு அந்தச் சௌகரியமும் குறைவு. அடுத்த கட்டிலில் இருப்பவளும் அதே காரணத்துக்காகத்தான் அழுவாள். ஒருத்தியாவது மற்றவளைத் தேற்ற வேண்டும். இது என் கற்பனை. இருந்தாலும் பரீட்சையில் சேர்ந்து தோற்ற சகோதரிகளை வளர்த்த தாய்மார்கள் ஆம் என்பார்கள்.

அதே அரங்கத்தில் ஒரு மாதம் கழித்து மாற்றுத் திறனாளிகளின் பாராலிம்பிக்ஸ் நடந்தபோது, நம் காஞ்சிபுரத்துத் துளசிமதி வெள்ளியும், திருவள்ளூர் மனீஷா வெண்கலமும், ஓசூர் நித்யஸ்ரீ வெண்கலமும் வாங்கினார்கள். ஆட்டத்தில் நம் பெண்களுக்குக் கை வராது என்று யாராவது சொன்னால் இந்த மூன்று பெயரையும் சொல்லுங்கள்.

கடிதத்தின் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். ஜோடி போய்விட்டால் என்ன ஆகும்? இதிலே நான் ஆறுதலாக எதையும் சொல்லப் போவதில்லை. இரட்டையரில் உலக வரிசை எண் ஆளுக்குக் கிடையாது, ஜோடிக்குத்தான். ஜோடி மாறினால் புது ஜோடி கீழேயிருந்துதான் ஏற வேண்டும். பாரிஸில் இவர்களை ஜெயித்துத் தங்கமும் வாங்கினார்களே சென்னும் ஜியாவும், அடுத்த வருஷமே ஜியா வேறொரு பெண்ணோடு ஆடிக்கொண்டிருந்தாள். ஒலிம்பிக் தங்கமே ஜோடியைக் கட்டி வைக்கவில்லை.

தீனா, பெர்லி விஷயத்திலும் ஒரு கண்டம் வந்தது. 2024 முடிவில் மலேசிய பாட்மிண்டன் சங்கத்தோடு அவர்களுக்கு இருந்த ஒப்பந்தம் தீர்ந்தது. புதுப்பிப்பதில் இழுபறி. 2025 துவக்கத்தில் வாரக்கணக்காகப் பத்திரிகைகளில் அதே பேச்சு. ஒலிம்பிக்ஸில் நாலாவதாக வந்த ஜோடிக்கு என்ன மதிப்பு என்று யார் கணக்குப் போடுவது? இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டிருந்தால் இருவரில் ஒருத்தியைச் சமாதானப்படுத்தி மற்றவளை வழிக்குக் கொண்டுவருவது யாருக்கும் சுலபம். அவர்கள் பேச்சிலும் ஜோடியாகவே நின்றார்கள். கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. மே மாதம் தாய்லாந்து ஓபன் பட்டத்தை வாங்கி வந்தார்கள்.

2025 ஆகஸ்டில் உலகச் சாம்பியன் போட்டி. எங்கே என்கிறீர்கள்? மறுபடி பாரிஸ். அதுவும் நாலாவதாக வந்த அதே அரங்கம்! அங்கே இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டார்கள். உலகப் போட்டியின் இறுதியில் மலேசியப் பெண்கள் ஜோடி ஆடியது அதற்கு முன் நடந்ததில்லை. ஆகஸ்டு 31ஆம் தேதி, சீனாவின் லியு ஷெங்ஷூ, டான் நிங் எதிரில். முதல் ஆட்டம் 14-21. இரண்டாவதில் இருபதுக்கு இருபது வந்து, 22-20 என்று மீட்டார்கள். மூன்றாவது 17-21. வெள்ளி.

தோற்ற கதையைத்தானே சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். ஒரு வருஷத்துக்கு முன் கடைசி ஆட்டத்தில் பதினோரு பாயிண்டுக்கு மேல் எடுக்க முடியாமல் வெளியேறிய அதே கதவு வழியாக, இந்தத் தடவை ஆளுக்கொரு பதக்கத்தோடு வெளியே வந்தார்கள். பதக்கத்தை யாரும் பாதியாக்கிக் கொடுப்பதில்லை, அம்மா! இருவருக்கும் முழுசு.

பணத்தைத்தான் பங்கு போடுகிறார்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது முக்கியமாதலால் சொல்கிறேன். 2025 மலேசியா ஓபன் போட்டியில் மொத்தப் பரிசு 14,50,000 டாலர். ஒற்றையரில் ஜெயித்தவருக்கு 1,01,500 டாலர். இரட்டையரில் ஜெயித்த ஜோடிக்கு 1,07,300 டாலர். ஆளுக்குப் பிரித்தால் 53,650. அதாவது ஒற்றையர்க்காரி வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பேருக்கும் சாப்பாடு, பயிற்சி, மட்டை, காலணி எல்லாம் முழுச் செலவு. வரவில் மட்டும் பாதி! இதைக் கண்டு எனக்குக் கோபம் வருகிறது, ஒளிப்பானேன்? பெண்ணுக்கும் ஆணுக்கும் பரிசில் வித்தியாசம் வைக்காத சங்கம், ஒருத்திக்கும் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் இவ்வளவு கை இறுக்கம் காட்ட வேண்டியதில்லை. உலகச் சாம்பியன் போட்டியிலோ பணப் பரிசே கிடையாது. ஆகையால் அங்கே அநியாயமும் கிடையாது!

இந்தச் சங்கத்தார் 2011இல் வேறு ஒரு காரியமும் செய்தார்கள். பெண்கள் பாவாடை அல்லது கவுன் அணிந்துதான் ஆட வேண்டும், அப்போதுதான் பார்க்க ஜனங்கள் வருவார்கள் என்று சட்டம் போடப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2012இல் கைவிட்டார்கள். எட்டாவது படிக்கும் பெண்ணின் தாயார் இந்தக் கவலையையும் பட வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

தமிழர்களுக்கு மலேசியாவில் இந்த ஆட்டம் புதிதல்ல. சிரம்பானில் 1944இல் பிறந்த பஞ்ச் குணாளன் என்பவரைப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். 1970 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வாங்கியவர். தனியாகவே கொடி நாட்டியவர் ஜோடிக்கு ஏன் போக வேண்டும்? போனார். இங் பூன் பீ என்ற சீனரோடு சேர்ந்து 1971இல் ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வாங்கினார். இறுதியில் எதிரே நின்றவர்களில் ஒருவர் இந்தோனேஷியாவின் மகா வீரர் ரூடி ஹார்ட்டோனோ. ஒற்றையரில் ஹார்ட்டோனோவை அசைக்க முடியாத காலம் அது. 1974இல் குணாளனும் ஆல் இங்கிலாந்து ஒற்றையர் இறுதியில் அவரிடம்தான் தோற்றார். இரட்டையரில் மட்டும் அந்த மலை பெயர்ந்தது. குணாளன் 2012இல் காலமானார். அவர் ஜோடி சேர்ந்ததும் ஒரு சீனரோடுதான், தீனா ஜோடி சேர்ந்ததும் ஒரு சீனப் பெண்ணோடுதான் என்பது ஒரு பொருத்தம்.

பெண்கள் உலக அணிக் கோப்பைக்கு ஊபர் கோப்பை என்று பெயர். அதைக் கொடுத்தவர் பெட்டி ஊபர் என்ற ஆங்கிலேய மாது. அவர் ஆல் இங்கிலாந்தில் 13 பட்டம் வாங்கியவர். அதில் ஒற்றையர் ஒன்றே ஒன்று. மற்றப் பன்னிரண்டும் யாரோ ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெயித்தவை. மாஸ்டர் உங்கள் பெண்ணை அந்தப் பக்கம் நகர்த்தியிருந்தால், கழித்துக் கட்டினார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் நிற்பவளுடைய முதுகைப் பார்த்தே ஆட்டத்தைப் படிக்கும் பெண்கள் சிலர்தான் அகப்படுவார்கள். அவர்களை மாஸ்டர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த இன்னொரு பெண்ணின் வீடு நகரியத்தில் எந்த வட்டத்தில் இருக்கிறது? அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. அவருக்கும் இதே நாலு பக்கக் கவலை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள். மாற்றல் வருமா, வந்தால் பெண்ணை அழைத்துப் போவார்களா, விடுதியில் விடுவார்களா என்பதை நேரில் கேட்டுவிடலாம். பண்ருட்டிப் பலாச் சுளை நாலு எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக ஆரம்பிக்கும்.